தாழம்பேட்டையின் ஈர வரைபடம்

நெளியாறு தாழம்பேட்டையை மூன்று பக்கமும் சுற்றிக்கொண்டு, நாலாவது பக்கத்தையும் எடுத்துக்கொள்ளலாமா வேண்டாமா என்று யோசித்தபடி ஓடுகிற ஆறு என்பதால் அந்த ஊர்க்காரர்களுக்கு வெள்ளம் புதிதல்ல. ஆனால் ஊரின் வெள்ள அபாய வரைபடம் நாற்பத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் வரைந்தது. அதில் பேருந்து நிலையம் இருக்கிற இடத்தில் வாழைத் தோட்டமும், பெண்கள் பள்ளிக்கூடம் இருக்கிற இடத்தில் செங்கல் சூளையும் இருந்தன, ஆறுகூட இப்போது ஓடுகிற இடத்தை விட்டுக் கூப்பிடு தூரம் தள்ளித்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஆகவே எல்லா ஊர்களும் வரைபடத்தைப் புதுப்பிக்க வேண்டும், நீலக்கோட்டுக்குள் வருகிற ஒவ்வொரு சொத்தின் உரிமையாளருக்கும் அறிவிப்பு கொடுத்துக் கையெழுத்து வாங்க வேண்டும் என்று மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தபோது, தாழம்பேட்டை நகராட்சியில் அந்தக் காகிதம் மேசை மேசையாக நகர்ந்து கடைசியில் நில அளவர் தையல்நாயகியின் மேசைக்கு வந்து நின்றது, ஏனென்றால் அந்த அலுவலகத்தில் வெயிலில் நடக்கச் சம்மதிக்கிற ஒரே ஆள் அவள்தான்.

தையல்நாயகிக்கு முப்பத்தெட்டு வயது. நல்ல உயரம். தலையில் பூ வைத்து அதன்மேல் தொப்பி போட்டுக்கொண்டு, மூன்று கால் கருவியைத் தோளில் சாய்த்துக்கொண்டு, ஆனியிலிருந்து ஆவணி பாதிவரை இரண்டரை மாதம் அவள் ஊரைத் தெருத்தெருவாக அளந்தாள். ஒவ்வொரு வாசலிலும் நின்று, போன தடவை தண்ணி எதுவரைக்கும் வந்தது என்று கேட்டாள். சிலர் சுவரைக் காட்டினார்கள், சிலர் கதவைக் காட்டினார்கள், ஞாபகம் மட்டும் மிச்சம் இருந்தவர்கள் தங்கள் உடம்பையே காட்டினார்கள், இந்தா இதுவரைக்கும் என்று முழங்காலையும் இடுப்பையும் தொட்டார்கள். அத்தனையையும் எழுதி வந்து, ஆறடிப் பலகையில் ஒட்டிய தாளில், பதினோரு நாள் உட்கார்ந்து வரைந்து, நீலத்தைத் தன் கையாலேயே பூசினாள்; மேட்டுத்தெருவில் வெள்ளையாகவே விட்ட தாள் கடைத்தெருவில் இளநீலமாகி, அக்ரகாரத்திலும் பள்ளிவாசல் தெருவிலும் நல்ல நீலமாகி, ஆற்றின் பழைய வாய்க்கால் ஓடிய பள்ளத்தோப்பில் கறுப்புக்குப் பக்கத்தில் போய் நின்றது.

புரட்டாசி முதல் வாரம் வரைபடத்தை நகராட்சிக் கூடத்தில் மாட்டி, முப்பது நாளைக்குள் ஆட்சேபணை சொல்லலாம் என்று கீழே எழுதிவைத்தார்கள். முதல் ஆட்சேபணையோடு வந்தவர் ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வுபெற்ற வைரக்கண்ணு. "இங்க பாரும்மா, ஆறு எங்க இருக்கு, என் வீடு எங்க இருக்கு? இந்தா, இதுதானே என் வீடு?" என்று ஆள்காட்டி விரலால் தன் வீட்டைத் தொட்டார். விரல் தாளுக்குள் ஒரு கணு இறங்கியது. அவர் எடுத்துப் பார்த்தார், நனைந்திருந்தது, வேட்டியில் துடைத்துக்கொண்டு, "அதான் சொல்றேன், இவ்வளவு தூரத்துல இருக்கிற வீட்டுக்கு எதுக்கு நோட்டீசு?" என்று பேச்சை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். பதிவேட்டு எழுத்தர் அவர் சொன்னதை எழுதி, எழுத இன்னும் இடம் இருந்ததால், 'விரல் ஒரு கணு நனைந்தது' என்பதையும் சேர்த்து எழுதினார். பிறகு எழுந்துபோய்ப் பலகையின் பின்பக்கத்தைப் பார்த்தார். அங்கே ஒரு சிலந்தி இருந்தது, வேறொன்றுமில்லை.

அதற்கப்புறம் வந்தவர்கள் எல்லாரும் விரலை வைத்தார்கள். கடைத்தெருக்காரர்களுக்கு நகம் மட்டும் நனைந்தது, அக்ரகாரத்துக்கு இரண்டு கணு, பள்ளிவாசல் தெருவுக்கும் இரண்டு, மேட்டுத்தெருக்காரர்களுக்குத் தாளின் சொரசொரப்பு மட்டும் கிடைத்தது. ஒரு கணு என்றால் முழங்கால், இரண்டு என்றால் இடுப்பு, மூன்று கணுவும் போனால் மார்பு, உள்ளங்கை நனைந்தால் ஆள் உயரம் என்று வைரக்கண்ணுதான் மூன்றாம் நாள் கணக்குக் கண்டுபிடித்தார். கூடத்தின் ஆணியில் ஒரு துண்டு தொங்கியது, துப்புரவு செய்யும் அஞ்சலை அதைத் தினம் இரண்டு தடவை பிழிந்து காயப்போட்டாள். எதிர்க் கடையில் டீ குடித்தவர்கள் உனக்கு எத்தனை கணு, உனக்கு எத்தனை கணு என்று கேட்டுக்கொண்டார்கள். மின்சார வேலைக்காரர் வீட்டுக்குள் நுழைந்ததுமே, "ரெண்டு கணு வீடா? அப்ப சுவிட்சப் பூரா நெஞ்சுக்கு மேல ஏத்திடுவோம்" என்றார். கொத்தனார்கள் பரண் கட்டினார்கள், தச்சர்கள் ஸ்டூல் செய்தார்கள், பெண் பார்க்க வந்தவர்கள் ஜாதகத்தைக் கேட்ட கையோடு கணுவையும் கேட்டார்கள். அம்மன் கோயில் பூசாரி கோயிலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "ஆத்தாளுக்குக் கால் நனையும். சந்தோசப்படுவா" என்று சொல்லிவிட்டு, உண்டியலை மட்டும் மேலே ஏற்றச் சொன்னார்.

அறிவிப்பு கொடுப்பதுதான் சிரமமான வேலை என்று தையல்நாயகி பயந்திருந்தாள், ஆனால் அது மிகவும் லேசாக நடந்தது, ஏனென்றால் விரல் நனைந்தவர்கள் எவரும் நோட்டீசை வாங்க மறுக்கவில்லை. ஒரே ஒரு குழப்பம் வந்தது. மலேசியாவில் வெல்டர் வேலை பார்க்கும் குணாளன் ஐந்து வருஷத்துக்குப் பிறகு விடுமுறையில் வந்தவன், ஊருக்குள் இறங்கியதும் பெட்டியோடு நேரே நகராட்சிக்கு வந்து, தன் சம்பாத்தியத்தில் கட்டிய வீட்டின்மேல் விரலை வைத்தான். காய்ந்திருந்தது. கூட வந்த அவன் மனைவி தேன்மொழி வைத்தாள். இரண்டு கணு. அவன் மறுபடி வைத்தான். மறுபடியும் காய்ந்தே இருந்தது.

"பட்டா என் பேர்லதாங்க இருக்கு" என்றான் குணாளன், பக்கத்தில் நின்றவர்களைப் பார்த்து.

தேன்மொழி அவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, "வாங்க, வீட்டுக்குப் போயி சாப்ட்டுப் படுங்க, நாளைக்குப் பாத்துக்கலாம்" என்று கூட்டிப் போனாள். மறுநாள் காலையில், அலுவலகம் திறக்கும் முன்னாலேயே வந்து நின்று, கதவு திறந்ததும் உள்ளே போய் விரலை வைத்தான் குணாளன். இரண்டு கணு நனைந்தது. அவன் அஞ்சலையின் துண்டில் துடைக்காமல், ஈரவிரலைத் தூக்கிப் பிடித்தபடியே கடைத்தெரு வழியாக வீட்டுக்கு நடந்து போனதை ஊரே பார்த்தது. வரைபடம் பட்டாவைப் பார்ப்பதில்லை, அந்த வீட்டில் யார் தூங்கி எழுந்தார்களோ அவர்களைத்தான் பார்க்கிறது என்று அன்றைக்கு எல்லாருக்கும் புரிந்தது. புரிந்தாலும் அதில் யாருக்கும் தொல்லை இல்லாததால் அப்படியே விட்டுவிட்டார்கள்.

தொல்லை பள்ளத்தோப்பில் இருந்தது. அங்கே ஒரே சுவரைப் பகிர்ந்துகொண்டு வரிசையாகப் பதினாறு ஓட்டு வீடுகள், பதினாறிலும் வாடகைக்குக் குடியிருப்பவர்கள், பதினாறுக்கும் உரிமையாளர் ஒருவரே: அரிசி ஆலை நாகலிங்கம். அவர் மேட்டுத்தெருவில் மாடிவீட்டில் இருந்தார். மனைவி போன பிறகு மகன்களிடம் போகாமல் தனியாகச் சமைத்துச் சாப்பிட்டு, மத்தியானம் இரண்டிலிருந்து நான்குவரை தூங்குகிறவர். அந்தத் தூக்கம் ஊரில் அவ்வளவு பிரசித்தம் என்பதால் மேட்டுத்தெருவில் தயிர்க்காரிகூட அந்த நேரத்தில் குரல் கொடுக்கமாட்டாள். தையல்நாயகி நாலு மணி அடித்து ஐந்து நிமிஷம் கழித்துப் போய்ப் பதினாறு நோட்டீசையும் நீட்டினாள்.

"என்னம்மா இது, கல்யாணப் பத்திரிகை மாதிரி கட்டோட கொண்டாந்திருக்க?"

"பள்ளத்தோப்பு வீடுங்களுக்கு நோட்டீசுங்க ஐயா. ஊர்லயே பள்ளமான இடம் அதான். குடியிருக்கிறவங்ககிட்டச் சொல்லி, மழைக்கு முன்னாடி ஒரு ஏற்பாடு பண்ணணும்."

"நான் எல்லாத்தையும் தொட்டுப் பாத்துட்டுக் கையெழுத்துப் போடறேன்" என்றார் நாகலிங்கம். அவர் கெட்டவர் இல்லை. தன் கண்ணால் பார்த்ததை, தன் கையால் தொட்டதை மட்டும் நம்பி அறுபத்தாறு வயதுவரை வந்துவிட்டவர், அவ்வளவுதான்.

மறுநாள் வந்து, பதினாறு வீட்டையும் பதினாறு தடவை தொட்டார். கட்டை விரலில் தொடங்கிச் சுண்டு விரலில் முடித்து, மறுபடி கட்டை விரலுக்கு வந்து, இப்படியே மூன்று சுற்றுப் போய்க் கடைசி வீட்டையும் கட்டை விரலாலேயே தொட்டார். எல்லாம் காய்ந்திருந்தன. பதிவேட்டை வாங்கி, 'என் சொத்து எதிலும் ஈரம் இல்லை, நீலத்தை நீக்க வேண்டும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுத் தூங்கப் போனார்.

ஆணையர் சுகுமாரனுக்குப் பதிவேட்டில் இருப்பதும் சுவரில் இருப்பதும் ஒன்றாக இருக்க வேண்டும். அவர் தையல்நாயகியைக் கூப்பிட்டார்.

"பள்ளத்தோப்புல நீலத்தை எடுத்துடுங்க மேடம். பதிவேட்டுல காய்ஞ்சிருக்குன்னு இருக்கே."

"அவர் அங்க தூங்கலியே சார். அதனாலதான் காய்ஞ்சிருக்கு. குணாளனுக்கு ஆன மாதிரி."

"உத்தரவுல உரிமையாளர்னுதான் போட்டிருக்கு. தூங்குறவர்னு போடல."

"நீலத்தை எடுத்துட்டா எச்சரிக்கை வண்டி அந்தப் பக்கம் போகாது சார். படகையும் அங்க நிறுத்தமாட்டாங்க. அறுபது பேர் இருக்காங்க, குழந்தைங்க இருக்கு."

ஆணையர் சங்கடத்தோடு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இன்னும் நாலு நாள் இருக்கு. அங்க குடியிருக்கிறவங்க வந்து தொட்டு, நனைஞ்சா, அதையும் எழுதிக்கிறேன். அதுக்கு மேல என்னால முடியாது."

தையல்நாயகி அன்று மாலையே பள்ளத்தோப்புக்குப் போனாள். முதல் வீட்டில் பிலோமினா துணி தேய்த்துக்கொண்டிருந்தாள். கரிப்பெட்டி ஊரில் அவளிடம்தான் மிச்சம் இருந்தது. கரண்ட் பெட்டியில் தேய்த்தால் மடிப்பு சாயங்காலத்துக்குள் கலைந்துவிடும் என்பது அவள் கட்சி. ஐம்பதைத் தாண்டியவள், கணவன் போன பிறகு இரண்டு பெண்களைத் தேய்த்தே கட்டிக்கொடுத்தவள். விஷயத்தைச் சொன்னதும் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"சர்வேயர் அம்மா, உங்க ஆபீசு எத்தனை மணிக்குத் தொறப்பீங்க?"

"பத்துக்கு. சாயங்காலம் அஞ்சே முக்காலுக்குப் பூட்டிடுவாங்க."

"இங்க இருக்கிறவங்க ஆலைக்கும் கட்டட வேலைக்கும் ஏழு மணிக்குப் போனா ஏழு மணிக்குத்தான் வருவாங்க. நான் போன வாரம் வந்தேன். வாசல்ல இருக்கிறவரு சொத்துவரி ரசீது எங்கன்னாரு. நான் எங்க போறது ரசீதுக்கு? திரும்பி வந்துட்டேன்."

தையல்நாயகி வீட்டுக்குப் போய் உத்தரவை முதலிலிருந்து மறுபடி படித்தாள். ஒன்பதாம் பக்கத்தில், தேவைப்பட்டால் வரைபடத்தைக் கள ஆய்வுக்கு எடுத்துச் செல்லலாம் என்று ஒரு வரி இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் காவலாளியை எழுப்பி, நடமாட்டப் பதிவேட்டில் 'வரைபடத்துடன் பள்ளத்தோப்பு' என்று எழுதிவிட்டு, சிக்கந்தரின் குட்டி யானை வண்டியில் பலகையை நிமிர்த்தி வைத்துக் கட்டினாள். எல்லாச் சுமையையும் ஒரே வேகத்தில் ஓட்டுகிற சிக்கந்தர் அன்று மட்டும் மெல்ல ஓட்டினார்; ஒவ்வொரு திருப்பத்திலும் பலகை சாயும்போது, தாளின் ஓரத்திலிருந்து தண்ணீர் ததும்பி ரோட்டில் சிந்தியது, கடைத்தெரு நாய்கள் வந்து அதை நக்கின, தேவாலயத்துக்குப் போகிறவர்கள் புடவையைத் தூக்கிக்கொண்டு தாண்டிப் போனார்கள், வைரக்கண்ணு தன் வீட்டு வாசலில் எழுந்து நின்று, பழைய பழக்கத்தில், பச்சைக் கொடி இல்லாத கையை ஆட்டி வண்டிக்கு வழிவிட்டார்.

பள்ளத்தோப்பில் பலகையைப் பூவரச மரத்தில் சாய்த்து நிறுத்தினார்கள். வேலை இல்லாத நாள் என்பதால் எல்லாரும் இருந்தார்கள். பிலோமினா புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, தன் வீட்டின்மேல் விரலை வைத்தாள். விரல் போனது, உள்ளங்கை போனது, மணிக்கட்டு, முழங்கை, கடைசியில் தோள்வரை இறங்கி, அவள் கன்னம் தாளில் ஒட்டிக்கொண்டு நின்றது.

"ஜில்லுனு இருக்கு" என்றாள் பிலோமினா. பிறகு, "இழுக்குது" என்றாள்.

தையல்நாயகி அவள் இடுப்பைப் பிடித்து இழுத்தாள். கை வெளியே வந்தபோது அதில் ஆகாயத்தாமரைத் தண்டு சுற்றியிருந்தது, இரண்டு கண்ணாடி வளையலைக் காணோம். அடுத்து வந்தவருக்கும் தோள், அதற்கடுத்தவருக்கும் தோள், எட்டாவது வீட்டுக்காரர் குள்ளமாக இருந்ததால் ஸ்டூல் போட்டு ஏறித் தொட்டார், அவருக்கும் தோள். யாரும் அழவில்லை. தோள் என்றால் தண்ணீர் கூரை ஓட்டைத் தொடும் என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது. ஆட்டை யாரிடம் விடுவது, ரேஷன் அட்டையை எதில் கட்டி வைப்பது என்று அங்கேயே பேச ஆரம்பித்தார்கள்.

"அதெல்லாம் இருக்கட்டும்" என்றாள் பிலோமினா. "நாம எங்க போறது?"

ஊரில் காலியாகவும் உயரமாகவும் இருந்த இடம் ஒன்றே ஒன்றுதான்: மேட்டுத்தெருவின் கோடியில், அறுவடை வருகிறவரை வெறுமனே பூட்டிக் கிடக்கும் நாகலிங்கத்தின் நெல் கிடங்கு. அறுபது பேரும் குளித்து, நல்ல துணி உடுத்திக்கொண்டு, வண்டியில் வரைபடம் முன்னால் போக, பின்னால் நடந்தார்கள். நாகலிங்கம் வாசலுக்கு வந்தார். மணி பதினொன்று, தூக்கத்துக்கு இன்னும் நேரம் இருந்தது.

"மழை முடியறவரைக்கும் கிடங்குல இருந்துக்கறோம் ஐயா" என்றாள் பிலோமினா. "எங்களுக்கு எல்லாம் தோள்வரைக்கும் போகுது."

"எனக்குப் போகலியே" என்றார் நாகலிங்கம். "பதினாறு தடவை தொட்டேன். வேணும்னா இப்பவும் தொடறேன்." வண்டிக்குப் போய்த் தொட்டார். காய்ந்த விரலை எல்லாருக்கும் காட்டினார். "உங்க கை எப்படி நனையுதுன்னு எனக்குத் தெரியாது. என் கையத்தான் எனக்குத் தெரியும்."

தையல்நாயகி பேச வாயைத் திறந்தாள், ஆனால் பிலோமினா முந்திக்கொண்டாள்.

"ஐயா சொல்றது சரிதான். நீங்க எங்க வீட்டுல ஒரு தூக்கம் போடுங்க. ராத்திரியெல்லாம் வேணாம். மத்தியானத் தூக்கம் போதும். என் வீட்டுல கயித்துக்கட்டில் இருக்கு. அதுக்கப்புறம் ஐயா கை காய்ஞ்சிருந்தா, நாங்க வாயத் தொறக்கமாட்டோம்."

தெருவே நாகலிங்கத்தைப் பார்த்தது. தன் தூக்கத்தின்மேல் அவருக்குப் பெருமை உண்டு. எந்தக் கட்டிலிலும் எந்தச் சத்தத்திலும் தூங்கிவிடுவேன் என்று பலபேரிடம் சொல்லியிருக்கிறார். "வரேன்" என்றார். "சாப்பாடு போட்டாத்தான் தூக்கம் வரும்."

அன்று பிலோமினா வீட்டில் மீன் குழம்பு. நாகலிங்கம் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார். தனியாகச் சமைத்துத் தனியாகவே சாப்பிட்டுப் பழகியவர் என்பதால், பரிமாற ஒரு ஆள் நிற்பது அவருக்கு முதலில் கூச்சமாகவும் பிறகு சுகமாகவும் இருந்தது. இரண்டு மணிக்குக் கயிற்றுக்கட்டிலில் சாய்ந்தார். வெளியே ஊர் கூடியிருந்தது, குணாளனும் தேன்மொழியும் வந்திருந்தார்கள், பூசாரி வந்திருந்தார், அஞ்சலை துண்டோடு வந்திருந்தாள். ஆணையர் சுகுமாரன்கூட, விடுமுறை நாள்தானே என்று சட்டையை வெளியே விட்டுக்கொண்டு மரத்தடியில் நின்றார். யாரும் பேசவில்லை, குழந்தைகளைக்கூட வாயைப் பொத்தி வைத்திருந்தார்கள், ஏனென்றால் அவர் தூங்காமல் போய்விட்டால் எல்லாம் கெட்டது. இரண்டேகாலுக்குக் குறட்டை கேட்டது. அது நல்ல குறட்டை, ஓட்டுக்கு ஓடு தாவி, பதினாறு வீட்டின் கூரையிலும் போய் வந்தது. பள்ளத்தோப்புக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள்.

நாலு மணிக்கு நாகலிங்கம் எழுந்து, முகம் கழுவி, டீ குடித்து, தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தார். வரைபடத்தின் முன்னால் நின்று, பிலோமினாவின் வீட்டைத் தேடிக் கண்டுபிடித்து, எப்போதும்போலக் கட்டை விரலால் தொட்டார்.

கட்டை விரல் போனது, கை போனது, தோள் போனது. தோளோடு நிற்கவில்லை, தாங்கிப் பிடிக்க ஒன்றும் இல்லாததால் அவர் தலையும் உள்ளே போனது. மூன்று பேர் அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டார்கள். சிக்கந்தர் கால்களைப் பிடித்துக்கொண்டார். ஒன்று, இரண்டு, மூன்று என்று ஆணையர் தன்னை அறியாமல் எண்ணினார். ஏழு எண்ணுவதற்குள் இழுத்து வெளியே போட்டார்கள். தலையிலிருந்து தண்ணீர் ஒழுக, கண் இரண்டும் திறந்தபடி, தரையில் உட்கார்ந்தார் நாகலிங்கம். காதோரத்தில் பாசி ஒட்டியிருந்தது. அஞ்சலை துண்டைக் கொடுத்தாள். துடைத்துக்கொள்ளவில்லை.

துண்டை மடியில் வைத்துக்கொண்டு, "பிலோமினா" என்றார். "சொல்லுங்கையா" என்றாள் அவள்.

"ஒன் இஸ்திரி மேசை ஓட்டுல முட்டிக்கிட்டு நிக்குதும்மா. நான் படுத்திருந்த கட்டில் அதுக்குக் கீழ சுத்திச் சுத்தி வருது." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "சுவர்ல மாட்டியிருக்கிற ஒன் வீட்டுக்காரர் போட்டோ மட்டும் ஆடாம அங்கயே இருக்கு."

பிலோமினா எழுந்து வீட்டுக்குள் போய் அந்தப் போட்டோவைக் கழற்றிக்கொண்டு வந்தாள். அவள் வருவதற்குள் நாகலிங்கம் இடுப்பிலிருந்து கிடங்குச் சாவியை எடுத்துத் தையல்நாயகியின் கையில் வைத்திருந்தார். ஆணையர் பதிவேட்டைக் கொண்டுவரச் சொன்னார். நாகலிங்கம் ஈரக்கையாலேயே, தன் பழைய ஆட்சேபணைக்குக் கீழே, 'ஆட்சேபணை இல்லை, தலை நனைந்தது' என்று எழுதிக் கையெழுத்திட்டார். பதினாறு நோட்டீசையும் வாங்கிக்கொண்டார். உரிமையாளர் பெயருக்குக் கீழே அந்தந்த வீட்டில் தூங்குகிறவர்களின் பெயரையும் எழுதலாமா என்று தையல்நாயகி கேட்டாள். உத்தரவில் அதற்குக் கட்டம் இல்லை என்றார் ஆணையர். பிறகு, ஓரத்தில் இடம் இருக்கிறது என்று அவரே காட்டினார்.

ஐப்பசி மூன்றாம் வாரம் பிடித்த மழை ஒன்பது நாள் விடவில்லை. எச்சரிக்கை வண்டி நீலம் இருந்த தெருவெல்லாம் போனது, படகு பள்ளத்தோப்பின் முனையில் பூவரசில் கட்டிக் கிடந்தது, ஏறுவதற்குத்தான் அங்கே ஆள் இல்லை. நெளியாறு கரையைத் தாண்டி ஊருக்குள் வந்து, விரல்கள் சொன்ன அளவுக்கு வந்து, அதற்குமேல் ஒரு பருக்கை உயரம்கூட ஏறாமல் நின்றது. வைரக்கண்ணு காலை நாற்காலிமேல் தூக்கிவைத்துக்கொண்டு மூன்று நாள் பேப்பர் படித்தார். தேன்மொழியின் புது ஃபிரிட்ஜ் பரணில் இருந்தது, அதன் பக்கத்தில் குணாளன் உட்கார்ந்திருந்தான். விமானம் ரத்தானதில் அவனுக்கு வருத்தமில்லை. அம்மனுக்குக் கால் நனைந்தது. கிடங்கில் அறுபது பேரும் ஆடுகளும் ஒரே பெரிய அண்டாவில் பொங்கிச் சாப்பிட்டார்கள், அறுபத்தோராவது இலையில் நாகலிங்கம் உட்கார்ந்தார், மத்தியானம் இரண்டு மணி ஆனால் அத்தனை பேரும் அவர் குறட்டைக்கு நடுவில் பேசிக்கொள்ளப் பழகிவிட்டார்கள். ஊரில் ஒரு உயிர் போகவில்லை.

தண்ணீர் வடிந்ததும் வரைபடம் மாவட்ட அலுவலகத்துக்குப் போனது. அங்கே அதை வைத்திருக்கும் அலமாரிக்குள் தவளைச் சத்தம் கேட்பதாகவும், அது பற்றி விளக்கம் தேவை என்றும் ஒரு கடிதம் வந்தது. தையல்நாயகி, பெறப்பட்டது என்று எழுதிக் கோப்பில் சேர்த்தாள்.

மழை பிடித்த பதினோராம் நாள் காலையில், வெயில் வந்த முதல் நாள், நாகலிங்கமும் பிலோமினாவும் தையல்நாயகியும் பள்ளத்தோப்புக்குப் போனார்கள். பதினாறு வீட்டில் ஒன்பது விழுந்து கிடந்தன. நின்ற ஏழும் விழுவதா என்று யோசித்துக்கொண்டிருந்தன. கணுக்கால் ஆழச் சேறு, அதில் ஓடுகள், ஒரு குழந்தையின் செருப்பு, எங்கிருந்தோ வந்த ஒரு கதவு. நாகலிங்கம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, முதல் வீடு இருந்த இடத்தில் நின்றார். இஸ்திரி மேசை மூன்று காலோடு தலைகீழாகக் கிடந்தது.

"இங்க எத்தனை வருஷமா இருக்க நீ?"

"பதினாலு வருஷமாச்சுங்க."

"பதினாலு வருஷம்" என்றார் நாகலிங்கம். "நான் ரெண்டு மணி நேரம்தான் இருந்தேன்."

அவர் குனிந்து மேசையின் ஒரு பக்கத்தைப் பிடித்தார். பிலோமினா மறுபக்கம் பிடித்தாள். நிமிர்த்தி, விழாமல் இருக்கச் சுவரின் மிச்சத்தில் சாய்த்து வைத்தார்கள். கையைச் சேற்றோடு வேட்டியில் துடைத்துக்கொண்டு, அவர் மேட்டுத்தெருப் பக்கம் திரும்பிப் பார்த்தார். கிடங்குக்குப் பின்னால், கல்யாண மண்டபம் கட்டுவதற்காக அவர் வேலி போட்டு வைத்திருந்த இடம் மேட்டில் காய்ந்து கிடந்தது.

"மண்டபம் யாரு கட்டினா என்ன, ஊர்ல மூணு இருக்கு" என்றார், யாரும் கேட்காமலேயே. "அங்க பதினாறு வீடு வரும். என்ன, மரமே கிடையாது. சாயங்காலம் ஆறு மணி வரைக்கும் மூஞ்சிக்கு நேரா வெயில் அடிக்கும்."

"அடிக்கட்டுங்கையா" என்றாள் பிலோமினா, சேற்றிலிருந்து கரிப்பெட்டியைத் தோண்டி எடுத்து உதறிக்கொண்டே. "ஊர்ப்பட்ட துணி காயணும்."